நரம்பு வலிக்கு மருந்து கேட்பவர்கள் எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் பிடிபட்ட செய்தியைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறோம். மாத்திரையைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்ட பிள்ளைகள் உயிரிழந்த செய்திகளும் வந்திருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய மருந்துகளை விற்கும் கடைகள் மீது நடவடிக்கை எடுப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், உரிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியும் மருந்து கிடைக்காமல் வீடு திரும்பும் நாள்பட்ட வலி நோயாளிகளும் இதே மாவட்டங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. அவர்களில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கூட்டுறவு வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்துவிட்டன. வலி மட்டும் போகவில்லை. சிறு வயதில் சின்னம்மை வந்து போனவர்களின் உடலில் அந்த வைரஸ் முற்றாக அழிவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்து, முதுமையிலோ நோய் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ மீண்டும் தலைதூக்கி, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புகிறது. பெரும்பாலோருக்கு அத்துடன் முடிந்துவிடும். சிலருக்கு, குறிப்பாக அறுபதைக் கடந்தவர்களுக்கு, வைரஸால் சிதைந்த நரம்பு புண் ஆறிய பிறகும் வலியை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவ உலகம் வரையறுத்திருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் அதற்குத் தனி இடமும் தரப்பட்டிருக்கிறது.

பார்ப்பவர்களுக்கு என் விலாவில் தோல் சற்றுக் கறுத்திருப்பதைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால், பனியனின் ஓரம் அந்த இடத்தில் உரசினால் தீக்கங்கு பட்டதுபோல் எரியும். கையை வைத்து அழுத்திப் பிடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மெல்ல உரசுவதைத்தான் தாங்க முடியாது. மின்விசிறிக் காற்று நேரே பட்டாலும் அப்படித்தான். அக்னி நட்சத்திர வெயிலிலும் மேசை விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்துவிட்டுப் படுக்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ சிக்காத வலி என்பதால் அதை நம்ப வைப்பதே பெரும்பாடு. 'வயசானா நாலு இடத்துல வலிக்கத்தான் செய்யும்' என்று மருத்துவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் உள்ளவர்கள் அன்பானவர்கள்தான். ஆயினும் தினமும் வலி என்று சொல்பவரிடம் தினமும் பரிவு காட்ட யாராலும் முடியாது என்பதால், சொல்வதையே நிறுத்திவிடுகிறோம்.

இந்த வகை நரம்பு வலிக்குப் பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் போன்ற வழக்கமான மாத்திரைகள் பெரும்பாலும் பயன் தருவதில்லை என்பதைப் பொதுமக்கள் அறிந்துகொள்ள வேண்டும். பயன் தராத மாத்திரையைக் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கி, வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் தேடிக்கொள்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். நரம்பு வலிக்கு மருத்துவர்கள் எழுதித் தருபவை வேறு. மனச்சோர்வுக்கென வந்த அமிட்ரிப்டிலின், வலிப்பு நோய்க்கும் தரப்படும் கபாபென்டின், பிரிகாபாலின் ஆகியவைதான் முதலில் வருகின்றன. சிலருக்கு மிளகாயின் காரச்சத்திலிருந்து தயாரிக்கப்படும் களிம்பையும் பரிந்துரைப்பதுண்டு. இவை எதுவும் ஒரே நாளில் வலியை நிறுத்துவதில்லை. குறைந்த அளவில் தொடங்கி, தலைசுற்றல், தூக்கக் கலக்கம், கால் வீக்கம் ஆகியவற்றைக் கவனித்து, சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து, மெல்ல மெல்லத்தான் அளவை உயர்த்த வேண்டும். அப்போதும் வலி முழுமையாகப் போவதில்லை. இரவில் சேர்ந்தாற்போல் சில மணி நேரம் தூங்கும் அளவுக்குக் குறைகிறது. அந்தத் தூக்கம் கிடைத்தால்தான் மறுநாள் ஒரு மனிதனாக நடமாட முடியும்.

இவற்றில் பிரிகாபாலினும் போதைக்காகப் பயன்படுத்தப்படுவதால் சிக்கல் எங்கள் வாசல்வரை வந்துவிட்டது. வழக்கமாக நான் மருந்து வாங்கும் கடையில் ஒரு நாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இந்த மாத்திரய இப்ப நாங்க வாங்கி வைக்கிறதே இல்ல சார், செக்கிங் அது இதுன்னு ஒரே தொந்தரவு' என்று கடை ஊழியர் திருப்பிக் கொடுத்தார். சீட்டில் மருத்துவரின் பெயர், பதிவு எண், தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தன. அடுத்த கடையில் யாருக்கு, எதற்கு, எத்தனை நாளாக என்று பின்னால் நின்றவர்கள் காதுபடக் கேட்டுவிட்டு, அங்கும் இல்லை என்றார்கள். கடைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். யாரோ செய்த தவறுக்குத் தம் உரிமம் பறிபோகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால், இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, பதற்றம் ஆகியவற்றோடு வலியும் கூடும் என்பதையும், வலிப்பு நோய்க்காக உண்பவர்களுக்கு வலிப்பே திரும்பக்கூடும் என்பதையும் கெடுபிடி செய்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இது நம் நாட்டில் புதிதல்ல. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது, கடுமையான தண்டனைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெற வேண்டிய உரிமங்களுக்கும் அஞ்சி மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் அபினியிலிருந்து எடுக்கப்படும் வலுவான வலி நிவாரணியான மார்ஃபினை வாங்கி வைப்பதையே கைவிட்டன. அரசின் உரிமத்தோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அபினிச் செடி பயிரிடும் நாட்டில், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் மார்ஃபின் கிடைக்காமல் துடித்தார்கள். 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளை இன்றியமையாதவை என்று தனியே பிரித்து உரிம முறையை எளிதாக்கியது. அதற்குள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. எனக்கு மார்ஃபின் தேவையில்லை. என்னைப் போன்ற பெரும்பாலோருக்கும் தேவைப்படாது. ஆனால், கடையை மட்டும் இறுக்கிவிட்டு நோயாளிக்கு வேறு வழி வைக்காத அதே போக்கு இன்று நரம்பு வலி மருந்துகளில் தலைகாட்டுகிறது என்பதே என் கவலை.

வழி இல்லாமல் இல்லை. சில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையினர் வலி சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு நடத்துகிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மயக்கவியல் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் மனநல ஆலோசகரும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே அறையில் இவர்கள் மூவரும் நாள்பட்ட வலி நோயாளிகளைப் பார்த்தால் போதும். புதிய கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ கேட்கவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. அந்த மாத்திரைகளோடு, மருத்துவமனையில் பதிவு செய்த நோயாளிக்கு நரம்பு வலி மருந்தையும் மாதந்தோறும் எண்ணித் தந்து குறிப்பேட்டில் பதிந்தால், மருந்து யார் கைக்குப் போகிறது என்ற கணக்கு அரசிடமே இருக்கும். போதைக்கு வாங்குபவர் பெயரும் முகவரியும் கொடுத்து மாதாமாதம் பரிசோதனைக்கு வரப்போவதில்லை.

இதனால் பயன்பெறப் போவது அக்கி வந்தவர்கள் மட்டுமல்லர். சர்க்கரை நோயால் நரம்பு பழுதாகி, இரவெல்லாம் பாதம் எரிந்து, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கிடப்பவர்கள் எங்கள் தெருவிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மருத்துவர்கள் எழுதுவது பெரும்பாலும் இதே மாத்திரைகளைத்தான்.

அக்கியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தென் மாவட்டங்களில் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குச் சென்று காவி மண்ணால் எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்தக் குளுமையில் கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கக்கூடும். அதைவிட முக்கியம், அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் கிளம்பினால், அதிலும் கண்ணருகே கிளம்பினால், அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கலாம். அக்கி எழுதும் பெரியவர்களிடமும் இதைச் சொல்லி வைத்தால், முதலில் தம்மிடம் வருபவர்களை அவர்களே மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: சீட்டு இல்லாமல் விற்காதீர்கள் என்று கடைகளுக்கு அறிவுறுத்தும்போதே, செல்லத்தக்க சீட்டோடு வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்றும், மருந்து இருப்பில் இல்லையென்றால் எந்த அரசு மருத்துவமனையில் கிடைக்கும் என்று எழுதிக் கொடுங்கள் என்றும் அதே சுற்றறிக்கையில் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.