இரண்டரைப் பவுன் குண்டு

வைட்ஹோர்ஸ், யூக்கொன், கனடா
ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். நீங்களும் ஆச்சியும் கௌரியும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

விளக்கீட்டன்று அப்பா எழுதிய கடிதம் கிறிஸ்மஸ் கழிந்துதான் கையில் கிடைத்தது. "போனில் சுகம் சுகம் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை. துவக்குக் கடையில் அப்படி என்னதான் வேலை?" என்று கேட்டிருந்தீர்கள். அந்த மூன்று வரியையும் பலமுறை வாசித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா. உங்களுக்கும் எனக்கும் பன்னிரண்டரை மணிநேர வித்தியாசம். நீங்கள் இரவு ஏழரைக்குச் சாப்பிட உட்காரும்போது எனக்குக் காலை ஏழு, வேலைக்குப் போகிற அவசரம். அது மட்டும் காரணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. 83இல் பெரியப்பாவின் கடை எரிந்ததிலிருந்து, பிறகு சோதனைச் சாவடிகளில் துவக்கோடு நின்றவர்களிடம் அடையாள அட்டையை நீட்டி நீட்டி அலுத்த காலம் வரை, நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அதனால்தான் இவ்வளவு நாளும் 'மெசின் வேலை' என்றே சொல்லி வந்தேன். பொய் இல்லை, லேத்தில்தான் நிற்கிறேன். ஆனால் அப்பா நேராகக் கேட்டுவிட்டீர்கள், நேராகவே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறையில் மூன்று பேர். முதலாளி, மரவேலை செய்யும் ஒருவர், நான். வேட்டைத் துவக்குகளை ஆர்டருக்குச் செய்கிறோம். ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். செட்டியார் தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நகைக்கும், ஆளைப் பார்த்துக் கழுத்தை அளந்து நீங்கள் செய்து கொடுக்கும் நகைக்கும் உள்ள வித்தியாசம்தான் இதிலும். அரசாங்க லைசென்ஸ் எடுத்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். அம்மா பயப்பட வேண்டாம். இங்கே இது காட்டுக்குப் போகிறவர்களின் சாமான், மனிதர்களுக்கு எதிராகத் தூக்குவது இல்லை.

குளிரைப் பற்றி ஆச்சி கேட்டாவாம். போன கிழமை மைனஸ் 38. வெளியே மூச்சு விட்டால் கண் இமையில் உப்புப் போல ஒட்டுகிறது. பகல் பதினொரு மணிக்குத்தான் சூரியன் எழும்பும், மாலை ஐந்து மணியளவில் மறைந்துவிடும். அறை சூடாகத்தான் இருக்கிறது. இரண்டு போர்வையும் ஜம்பரும் போட்டுக்கொண்டு படுத்தால் தாராளம். மாலையில் சும்மா இருக்கக்கூடாது என்று ஒரு கடையில் பெட்டி அடுக்கப் போகிறேன், உடம்புக்கு நல்லது. உறைந்த தேங்காய்ப்பூ பைக்கற்றில் கிடைக்கிறது. சம்பல் இடிக்கிறேன். அம்மாவின் சம்பலுக்குப் பக்கத்தில் வராது, ஆனால் பாணோடு இறங்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுத வேண்டும். எழுபது வயது. அலாஸ்கா நெடுஞ்சாலையில் முப்பது வருடம் லொறி ஓட்டியவர், மனைவி இல்லை. விடிகாலை நான்கு மணிக்கு எழும்பி என் வாசலில் விழுந்த பனியையும் சேர்த்து அள்ளிவிடுவார், கேட்டால் தூக்கம் வரவில்லை என்பார். மூஸ் என்று குதிரை உயரத்தில் ஒரு மான் இங்கே இருக்கிறது. அதன் இறைச்சியைக் கடதாசியில் சுற்றிக் கதவடியில் வைத்துவிட்டுப் போவார். அம்மா அனுப்பிய கறித்தூளில் பிரட்டினேன், ஆட்டிறைச்சியை விடக் கொஞ்சம் கடினம். பைசன் இறைச்சியும் தந்தார். மாட்டு இனம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். வருத்தப்படவில்லை. அடுத்த தடவை இரண்டு மீன் வைத்தார்.

இந்தப் பெரியவர்தான் ஒக்டோபரில் எங்கள் பட்டறைக்கு வந்து, குளிர்காலப் பைசன் வேட்டைக்கும் கரடிக் காட்டில் கையில் இருக்கவும் கடைசியாக ஒரு நல்ல துவக்கு வேண்டும் என்றார். "உன் பக்கத்து வீட்டுக்காரர், எந்தத் தோட்டா என்று நீயே அவரோடு பேசி முடிவெடு" என்று முதலாளி என்னிடம் விட்டுவிட்டார். அப்பா, எனக்கு இங்கே கிடைத்த முதல் பெரிய பொறுப்பு அது.

தோட்டாவை முடிவு செய்யாமல் எதையும் தொடங்க முடியாது. பித்தளைக் கோதின் அடி எவ்வளவு அகலமோ அதற்கேற்பப் போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தண்டு) முகம், தோட்டா எவ்வளவு நீளமோ அதற்கேற்பக் குழலுக்குள் அது உட்காரும் அறை, தோட்டாக்களை அடுக்கும் மெகசின், முழுத் துவக்கின் எடை. கல் எது என்று தெரியாமல் அட்டிகைக்குக் கூடு கட்ட முடியுமா? அது மாதிரி.

பெரியவரின் குசினி மேசையில் மூன்று மாலை உட்கார்ந்தோம். வெடிமருந்தில்லாத மாதிரித் தோட்டாக்கள் மூன்றை வரிசையாக நிறுத்தி வைத்தேன். பெயருக்கு முன்னால் வரும் எண் குண்டின் விட்டம், அங்குலத்தில். முதலாவது .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், 1912இல் வந்தது. அடுத்தது .416 ரிக்பி, அதற்கு ஒரு வருடம் மூத்தது. கடைசியில் .458 லாட். இங்கே குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள், ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். எனக்கு அது மனதில் நிற்கவே இல்லை, பவுனாக மாற்றினால்தான் கை உணர்ந்தது. .375இன் குண்டு 300 கிரெயின், ஏறக்குறைய இரண்டரைப் பவுன். ரிக்பி 400, மூன்றேகால் பவுன். லாட் 500, நான்கு பவுனுக்கும் மேல். இரண்டரைப் பவுன் ஈயமும் செம்பும் நொடிக்கு 770 மீட்டர் போகிறது என்றால் நினைத்துப் பாருங்கள்.

அவர் கையை வைத்தது லாட்டில். ஜாக் லாட் என்கிற அமெரிக்கர் 1959இல் மொசாம்பிக்கில் காட்டெருமையிடம் மாட்டிப் படுகாயப்பட்டார். 1956இல் வந்திருந்த .458 வின்செஸ்டருக்குக் கோது குட்டை, மருந்தை அமுக்கித்தான் நிரப்ப வேண்டும், அது கட்டிதட்டிப் போய்ச் சரியாக எரியவில்லை என்ற குறை இருந்தது. லாட் கோதை நீட்டி 1971இல் இதைச் செய்தார். பெரியவருக்கு இந்தக் கதை மனப்பாடம். நம் இலங்கையையும் அவருக்குத் தெரியும், சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் இருந்து யானை சுட்ட கதையோடு. நான் பதிலுக்கு, அப்பா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டிய மேஜர் ரோஜர்ஸின் கல்லறையைச் சொன்னேன். ஆயிரத்து நானூறு யானை கொன்றவர் என்பார்கள், 1845இல் அப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தார். பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆனாலும் லாட்தான் வேண்டும் என்றார். சரி, சுட்டுப் பார்க்கலாம் என்று முதலாளியின் துவக்கை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். லாட்டின் உதை .375ஐ விட ஒன்றரை மடங்குக்கும் மேல். முதல் இரண்டு வெடியில் ஒன்றும் சொல்லவில்லை, தோளை மட்டும் தேய்த்தார். மூன்றாவதுக்கு, அவருக்குத் தெரியாமல் முதலாளி மாதிரித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. ஆனால் குழலின் நுனி ஒரு சாண் கீழே குத்தியது, கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. உதையை எதிர்பார்த்து உடம்பு முந்திக்கொண்டது. நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவரே பார்த்துவிட்டார். லொறி கவிழ்ந்தபோது உடைந்த தோள் அது என்று அன்றைக்குத்தான் சொன்னார். பிறகு .375இல் ஐந்து வெடி, ஐந்தும் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை வாய்க்குள் அடங்கின.

விலங்கை வீழ்த்துவது குண்டு விழுகிற இடம். நான்கு பவுன் குண்டு குடலில் பட்டால் அந்தப் பைசன் காட்டுக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும். அதை நான் உறுதியாகச் சொன்னேன். ரிக்பி நடுவில் நிற்கிறதே என்று ஒரு மாலை யோசித்தோம். அதன் கோதுக்கு அடி அகலம், பெரிய அக்ஷன் (போல்ட் ஓடுகிற உடற்பகுதி) வேண்டும், செலவு ஏறும். தோட்டாவும் இங்கே ஆர்டர் கொடுத்துக் காத்திருந்துதான் வாங்க வேண்டும். .375 ஊர்க் கடையிலேயே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. வெயில் நாடுகளில் அந்தக் காலத்து மருந்து சூடேறி அழுத்தம் கூடும், கோது அறைக்குள் சிக்கிக்கொள்ளும் என்று பயந்து, .375இன் கோதை நீளமாக, நுனியை நோக்கி ஒடுங்கி வருகிற மாதிரிச் செய்தார்கள். தடித்த கையுறையோடு மைனஸ் முப்பதில் போல்ட்டைத் தள்ளும்போதும் அந்த ஒடுக்கம்தான் உதவுகிறது, தோட்டா வழுக்கிக்கொண்டு போய் உட்காருகிறது. எண்ணெய் மட்டும் கூடாது, குளிரில் பசை மாதிரி இறுகிவிடும். எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம்.

அறையை நான்தான் வெட்டினேன். ரீமர் என்ற குடையும் கருவியை எண்ணெயோடு கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வெளியே எடுத்துச் சீவலைத் துடைத்து, மறுபடி விட வேண்டும். கடைசி மயிரிழைக்கு அளவுக்கட்டை இரண்டு வைத்துப் பார்ப்போம். ஒன்றின்மேல் போல்ட் மூட வேண்டும், மற்றதின்மேல் மூடவே கூடாது. மூடிவிட்டால் குழலைத் திரும்பவும் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு ஒரே தடவையில் சரியாக வந்தது. முதலாளி தோளில் தட்டினார். உடனே உங்களுக்குப் போன் எடுக்க நினைத்தேன். அங்கே நடுச்சாமம்.

குழல் நுனியில் குறிபார்க்கும் மணியைத் தங்கத்தில் வைப்பது வழக்கம், மங்கல் வெளிச்சத்தில் தெரியும். "நீ பத்தருடைய மகன்தானே" என்று அதையும் என்னிடம் கொடுத்தார்கள். அரைக் கிராம்கூட இல்லை. வெண்காரம் தடவிச் சூடு காட்டியதும் அது பொரிந்து உப்பி, பிறகு கண்ணாடியாக உருகிப் படர்ந்தது. அந்தச் சத்தம் உங்கள் குமுட்டியடியில் கேட்டது. ஊதுகுழலைப் பல்லில் கடித்தபடி நீங்கள் "தள்ளி நில்லடா" என்று சொல்வது காதில் விழுந்தது. வெளியே போய் நின்றேன். அவ்வளவு குளிரிலும் கொஞ்ச நேரம் நின்றேன். வேலியில் பெரியவர் அண்டங்காக்கைக்கு இறைச்சித் துண்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா சோறு வைத்துவிட்டுக் கூப்பிடுகிற அதே மாதிரி. அம்மா, எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது.

சரி, கௌரியின் விஷயம். மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பவுனில் தாலிக்கொடி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒப்புக்கொள்ளுங்கள், ராசு மாமாவிடம் மட்டும் கடன் கேட்க வேண்டாம். இந்த மாதம் இரண்டரைப் பவுனுக்குக் காசு அனுப்புகிறேன், அடுத்தது பங்குனியில் வரும். வைகாசி முகூர்த்தத்துக்குள் சரிக்கட்டிவிடலாம். நான் அனுப்பிய படத்தில் கையில் மோதிரம் இல்லையே என்று கௌரி கேட்டாளாம். லேத்தில் நிற்கிறவர்கள் மோதிரம் போடக்கூடாது, விரலோடு போய்விடும். அது பத்திரமான இடத்தில் இருக்கிறது, திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்கு வருவேன்.

பின்கட்டு ஓட்டை மழைக்கு முன் மாற்றிவிடுங்கள், அப்பா ஏற வேண்டாம், ஆள் பிடியுங்கள். வீட்டு உறுதியின் பிரதி ஒன்று பெரியம்மாவிடம் இருக்கிறது, அதை வாங்கி வையுங்கள். ஆச்சியின் கண் சொட்டு மருந்தை நிறுத்தவிட வேண்டாம்.

அப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தங்க மணி உட்கார்ந்துவிட்டது, ஆனால் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளை தெரிகிறது. பொடி போதாமல் வந்ததா, சூடு கூடி வந்ததா? பெரியவர் மாசி கடைசியில் காட்டுக்குப் போகிறார், அதற்குமுன் சரிசெய்ய வேண்டும். இதற்கு மட்டும் கடிதம் வேண்டாம், ஞாயிறு இரவு ஏழரைக்கு நானே எடுக்கிறேன், போனுக்குப் பக்கத்தில் இருங்கள்.

உங்கள் அன்பு மகன்,
குமரன்