பிணம் விழும் முன்பே மந்திரத்தின் எல்லை தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாயக்கதையும் துப்பறியும் கதையும் கலந்து வரும் நாவல்களைப் பற்றித் தங்கள் நூல் பக்கத்தில் வந்த கட்டுரை, மந்திரம் நுழைந்த இடத்தில் துப்பறிவாளனுக்கு வேலையில்லை என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. இது பழைய கருத்து. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்காக 1929-இல் வகுத்த பத்து விதிகளில் இரண்டாவது இதைத்தான் சொல்கிறது: அமானுஷ்யத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் அவர் நோக்கம் பிடிபடாது. ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது, அதுவரை யாரும் கண்டறியாத நஞ்சு கூடாது, உருவ ஒற்றுமையுள்ள இரட்டையரைக் கொண்டுவருவதானால் வாசகரை முன்பே தயார் செய்திருக்க வேண்டும் என்றும் அதே பட்டியலில் இருக்கிறது. பேய்க்கும் புது நஞ்சுக்கும் திடீர் இரட்டையருக்கும் அவர் கதவடைத்த காரணம் ஒன்றுதான். கடைசி அத்தியாயத்தில் வந்து நின்று எந்த முடிச்சையும் அவிழ்த்துவிடக்கூடியவை அவை. முன்பே சொல்லிவிட்டால் இரட்டையர் வரலாம் என்று அவரே விட்டுக்கொடுக்கிறார். அந்தச் சலுகையை மந்திரத்துக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன?

கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நமக்கும் இது புதிதில்லை. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளத்தின் நிபந்தனையை நினைத்துப் பாருங்கள். விடை தெரிந்தும் சொல்லாமலிருந்தால் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குப் போய்விடும். புதிருக்கு முன்னால் சட்டம் அறிவிக்கப்பட்டுவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் அரசன் என்ன செய்வான் என்று நம்மால் யோசிக்க முடிகிறது. சிலப்பதிகாரத்து வழக்குரை காதை இன்னும் கறாரானது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி முதலில் சொல்லிவிடுகிறாள். தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனும் சொல்லிவிடுகிறான். அதன் பிறகுதான் சிலம்பு உடைகிறது. மதுரை எரிவது பிற்பாடு. அற்புதம் எவ்வளவு பெரியதானாலும் குற்றத்தை நிரூபித்தது உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த பரல்தான். மர்மமும் மாயமும் ஒரே கதையில் குடித்தனம் நடத்த இந்த வரிசை போதும்: எல்லை, பிறகு குற்றம், பிறகு சான்று.

அண்மைக்கால நாவல்களில் இந்த வரிசையைச் சுத்தமாகக் காப்பாற்றியிருப்பது ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெயின்டட் கப்' (2024). அறிவியல் புனைவுக்கும் மாயக்கதைக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதை 2025-இல் சிறந்த நாவலுக்காகப் பெற்றது. ஒரு செல்வக் குடும்பத்தின் மாளிகையில் ராணுவப் பொறியாளர் ஒருவர் சாகிறார். உடலுக்குள்ளிருந்து மரம்போல ஒரு செடி வெடித்துக் கிளம்பியிருக்கிறது. கேட்டால் மாயம்தான். ஆனால் அந்தச் செடி என்ன, அதன் பழைய வரலாறு என்ன என்பதையெல்லாம் கதை மறைப்பதில்லை. மறைந்திருப்பது யார், எப்படி, ஏன் என்ற மூன்றும்தான். புலனாய்வாளர் அனா பெரும்பாலும் கண்ணைக் கட்டிக்கொண்டிருப்பவர். தின் என்பவன் அவருடைய உதவியாளன். பார்த்தது, கேட்டது எதையும் மறக்க முடியாதபடி உடல் மாற்றப்பட்டவன். மணக்குப்பிகளை முகர்ந்து நினைவுகளைக் கட்டிவைத்து, பின்னர் அதே மணத்தைக் கொண்டு எடுத்துக் கொடுக்கிறான். ஒருவரிடம் மூளை, இன்னொருவனிடம் கண் என்று வேலையைப் பிரித்ததுதான் ஆசிரியரின் சாமர்த்தியம். தின் சொல்வதெல்லாம் நமக்கும் வந்துவிடுகிறது. அவனுக்குப் புரியாதது நமக்கும் புரிவதில்லை. துப்புகளை ஒளிக்காமலே வாசகரை ஏமாற்ற இதைவிட நேர்மையான வழி கிடையாது. குறை ஒன்று உண்டு. தொடக்க அத்தியாயங்களில் பதவிப் பெயர்களும் உடல்மாற்றப் பெயர்களும் சரமாரியாக விழுகின்றன. அவற்றில் எது துப்புக்குத் தேவை, எது வெறும் அலங்காரம் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் சிலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். முதல் விசாரணை முடியும்வரை பொறுத்தால் போதும், பிறகு தானே வழிவிடும்.

சுசானா கிளார்க்கின் 'பிரானேசி' (2020) வேறு ஜாதி. வழக்கமான கொலை விசாரணை இதில் கிடையாது. எல்லையில்லாத பளிங்கு மண்டபங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் அலையடிக்கும் கடல், அங்கே நாட்குறிப்பு எழுதிக்கொண்டு வாழும் ஒருவன். மாய உலகம் என்று சாய்ந்து உட்காரும்போது அவனிடம் பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கிறது. அவனைச் சந்திக்க வருபவர் கையில் மின்னும் கருவி இருக்கிறது. சொல்பவனுக்கு அவை வியப்பில்லாத சாதாரணப் பொருள்கள். நமக்கோ அவையே துப்புகள். வழக்கமாகத் துப்பறிவாளன் வாசகரைவிட இரண்டு அடி முன்னால் போவான். இங்கே வாசகர் முன்னால் போய்ப் பதறிக்கொண்டு நிற்கிறார், சொல்பவன் நிதானமாகப் பின்னால் வருகிறான். படிக்கும்போது நாட்குறிப்பேடுகளின் எண்களையும், ஆண்டுகளுக்கு அவன் வைக்கும் பெயர்களையும் விடாமல் கவனியுங்கள். இதற்கு மேல் சொல்வது பாவம்.

ஸ்டூவர்ட் டர்ட்டனின் 'தி செவன் டெத்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹார்ட்காசில்' (2018) விஷயத்தில் என் கருத்து இரண்டாகப் பிரிகிறது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. நாயகன் எட்டுப் பேரின் உடல்களில் கண்விழிக்கிறான். இரவு பதினொரு மணிக்கு ஒருத்தி சாகிறாள். கொன்றவர் பெயரைச் சொன்னால் விடுதலை. விதிகள் தெளிவு. ஒவ்வொரு உடலும் அவன் சிந்தனையை வேறு திசைக்கு இழுப்பது நல்ல கற்பனை. பருத்த உடலில் நடக்க முடியாது, கோழை உடலில் துணிவு வராது. கொலைப் புதிருக்கு வரும் விடையும் நியாயமானது. ஆனால் அந்த மாளிகை ஏன் இப்படி இயங்குகிறது என்ற இன்னொரு கேள்விக்குக் கடைசிப் பகுதியில் வரும் விடை, முன்பே ஊன்றிய விதையிலிருந்து முளைத்ததாகத் தெரியவில்லை. கொண்டுவந்து நட்ட கன்றாகத்தான் தெரிகிறது. இதைப் படிப்பவர்கள் ஒரு தாளில் எட்டு உடல், எந்த மணி, எந்த அறை என்று மூன்று பத்தி போட்டுக்கொண்டால் பாதியில் தடுமாற வேண்டியதில்லை.

சீனா மியேவில் என்ற ஆங்கில எழுத்தாளரின் 'தி சிட்டி அண்ட் தி சிட்டி' (2009) மந்திரமே இல்லாமல் மாயத்தைச் செய்கிறது. ஒரே நிலப்பரப்பில் இரண்டு நகரங்கள். ஒரு நகரத்தார் மற்ற நகரத்தைப் பார்த்தும் பாராதிருக்கப் பழக வேண்டும், மீறினால் தண்டனை. கொலை இந்தச் சட்டத்தின் மேலேயே நடக்கிறது. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் கதையே நிற்காது. கலப்பு நாவலுக்கு இதுவே நல்ல உரைகல்: மாயத்தை உருவிவிட்டு அதே கொலையை, அதே விடையோடு சாதாரண ஊரில் வைக்க முடிகிறது என்றால், அந்த மாயம் வெறும் சாயம்.

இனி, எங்கே கெடுகிறது என்பதைப் பார்ப்போம். செத்தவரை எழுப்பிக் கேட்க முடியும் என்ற உலகில் கொலைக் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிட வேண்டும். முடியாமலிருக்க ஆசிரியர் அந்தச் சக்திக்கு வரம்பு கட்ட வேண்டும். செத்தவருக்கும் உயிரோடிருந்தபோது தெரிந்தது மட்டுமே தெரியும் என்று வைத்தால் போதும். முதுகில் குத்துப்பட்டவர், தூக்கத்தில் நஞ்சூட்டப்பட்டவர், தவறான ஆளைச் சந்தேகித்தபடியே செத்தவர் எல்லோரும் உடனே பயனுள்ள, ஆனால் நம்ப முடியாத சாட்சிகளாகிவிடுகிறார்கள். உண்மையைப் பேசவைக்கும் மந்திரமும் இப்படித்தான். அது பொய்யைத் தடுக்கும், தவறான நம்பிக்கையைத் தடுக்காது. கேட்காத கேள்விக்கு விடையும் தராது. இந்த இடைவெளியில்தான் நல்ல விசாரணைக் காட்சி பிறக்கிறது. நினைத்த இடத்துக்குத் தாவும் சக்தி இருந்தால் பூட்டிய அறைக்குப் பொருளில்லை. போகும் இடத்தை முன்பே கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டால், அந்த அறைக்குள் முன்பு யார் யார் வந்தார்கள் என்ற கேள்வியே துப்பாக மாறும். சோம்பேறி ஆசிரியர்கள் இதில் எதையும் செய்யாமல், இங்கே மட்டும் மந்திரம் பலிக்காது என்று ஒரு வரி எழுதிக் கடந்துவிடுகிறார்கள். அந்த வரி கண்ணில் பட்டால் உஷாராகிவிடலாம். மாயக்கதை எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் எழுதிய கட்டுரையில், மந்திரத்தைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்க ஆசிரியருக்குள்ள உரிமை, வாசகருக்கு அந்த மந்திரம் எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்ற பொருள்படச் சொன்னார். வெறும் மாயக்கதைக்கு அது யோசனை. கொலை வந்துவிட்டால் அது கட்டளை.

விதியைச் சொன்ன பக்கத்தைக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி போதும். விடை வந்ததும் அது எந்தெந்தப் புள்ளிகளின் மேல் நிற்கிறது என்று திருப்பிப் பார்க்கலாம். விடைக்கு வேண்டிய விதி ஒன்று முக்கால் புத்தகத்துக்குப் பிறகுதான் முதன்முதலாக வருகிறது என்றால், வாசகரின் தோல்விக்கு ஆசிரியர்தான் பொறுப்பு.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' போல, அறிவியலா ஆவியா என்ற சந்தேகத்தைக் கடைசிவரை விட்டுவைக்கும் கதைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இரண்டு கதவைத் திறந்துவைப்பவர் இரண்டுக்கும் சான்று வைக்க வேண்டும். கணேஷும் வசந்தும் அங்கே வாதாடுவதில் சுவையிருப்பது, இரண்டு தரப்பிலும் சரக்கு இருப்பதால்தான்.

தங்கள் கட்டுரை தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது. இவற்றைத் தமிழில் மொழிபெயர்க்கும்போது துப்பு கசிகிறது. ஆங்கிலத்தில் கொலையாளி ஆணா பெண்ணா என்பதை மறைப்பது எளிது. நம் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். 'யாரோ மாடியில் நடந்தான்' என்று எழுதிய கணத்தில் சந்தேகத்துக்குரியவர்களில் பாதிப் பேர் விடுதலை. 'நடந்தார்' என்றால் தப்பலாம். ஆனால் நூல் முழுக்க மற்ற எல்லோரையும் 'அவன்', 'அவள்' என்று எழுதிவிட்டு இங்கே மட்டும் மரியாதை காட்டினால் அதுவே கை நீட்டிக் காட்டும். 'மாடியில் காலடிச் சத்தம் கேட்டது' என்று திருப்பி எழுதுவதுதான் உத்தமம். உறவுமுறை இன்னும் மோசம். சகோதரன் என்று ஆங்கிலம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதை அண்ணன் என்றோ தம்பி என்றோ எழுதியே ஆக வேண்டும். சொத்துக்காக நடக்கும் கொலையில் மூத்தவன் யார் என்பதே மர்மமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் அத்தியாயத்திலேயே குட்டை உடைத்துவிட்டார் என்று பொருள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கும் தன்மைப் பன்மைக்கு நம்மிடம் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு. கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பது ஒரே சொல்லில் அம்பலமாகும். கூட்டுச்சதிக் கதையில் இதைக் கவனிக்காமல் விட்டால் கதை முடிந்தது. நூலை முழுக்கப் படித்து முடித்து, விடை தெரிந்த பிறகே முதல் வரியை மொழிபெயர்க்கத் தொடங்க வேண்டும். மாயக்கதையில் கூடுதலாக ஒரு சொற்பட்டியல் தேவை. மூலத்தில் மூன்று வெவ்வேறு சக்திகளுக்கு மூன்று பெயர் இருக்க, தமிழில் மூன்றையும் 'மந்திரம்' என்றே எழுதிவிட்டால், எந்தச் சக்தியால் கொலை நடந்திருக்க முடியாது என்று வாசகர் எப்படிக் கழித்துப் பார்ப்பார்?

மதிப்புரையாளர்களுக்கு நம் நாளிதழ் சொல்லக்கூடிய சில சின்ன விஷயங்கள் உண்டு. நூலின் முதல் கால்பகுதிக்குப் பிந்தைய நிகழ்ச்சி எதையும் எழுத வேண்டாம். 'எதிர்பாராத திருப்பம்' என்று எழுதுவதும் துப்புக் கொடுப்பதுதான். திருப்பம் இருப்பதாகத் தெரிந்தவர் அதையே தேடிக்கொண்டு படிப்பார். தொடர்வரிசையில் எத்தனையாவது நூல், தனியாகப் படித்தால் விளங்குமா என்பது முதல் பத்தியிலேயே வரட்டும். 'தி டெயின்டட் கப்' நூலுக்கு 2025-இல் 'எ டிராப் ஆஃப் கரப்ஷன்' என்ற அடுத்த பாகம் வந்துவிட்டது. வழக்கு வேறு என்றாலும் மனிதர்கள் அவர்களே, ஆகவே முதலில் முதலாவதைப் படிப்பதே நல்லது. மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பெட்டிச் செய்தியின் கடைசி வரியில் ஒதுக்காமல், ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மதிப்புரையில் ஒரே ஒரு கேள்விக்காவது நேர்விடை இருக்கட்டும்: கொலைக்கு முன்பே எல்லை சொல்லப்பட்டதா, இல்லையா?

இப்படிக்கு,
தங்கள் நூல் பக்கத்தின் வாசகர்