டார்ச் பட்டால் கூவும் பெட்டி

அன்பு மகளே,

இரவு ஊர்வலத்தில் தூக்கிப் பிடிக்க, டார்ச் வெளிச்சம் பட்டால் கூவும் பெட்டி செய்யப்போவதாக எழுதியிருந்தாய். புரோகிராம் எழுதி ஏற்றும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் இதற்கு வேண்டாம் கண்ணு, 40106 ஐசி ஒன்றே போதும். நடுத்தெருவில் நின்றுபோனால் லேப்டாப் இல்லாமல் அங்கேயே சரிசெய்யும்படி இருக்க வேண்டும்.

அதற்குள் ஆறு ஷ்மிட் டிரிகர் இன்வெர்ட்டர்கள்: உள்ளீடு மேல் எல்லையைத் தாண்டினால் வெளியீடு விழும், கீழ் எல்லைக்கு இறங்கினால் ஏறும். 14-ஆம் பின்னுக்கு 9 வோல்ட், 7 கிரவுண்டு, அதாவது பேட்டரியின் மைனஸ். 1-ஆம் பின்னுக்கும் (உள்ளீடு) 2-ஆம் பின்னுக்கும் (வெளியீடு) நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1-லிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் உறுமும். ரெசிஸ்டர் வழியே கெப்பாசிட்டர் நிரம்பி மேல் எல்லையைத் தொட்டதும் 2-ஆம் பின் கீழே விழும். அதே வழியில் வடிந்து கீழ் எல்லைக்கு வந்ததும் மறுபடி ஏறும். ஆகவே ரெசிஸ்டரைக் குறைத்தால் சுருதி ஏறும். அந்த 100 கிலோ ஓமை எடுத்துவிட்டு, வெளிச்சம் பட்டால் தடை குறையும் ரெசிஸ்டரான எல்டிஆரையும் 4.7 கிலோ ஓமையும் தொடராக வை. வெளிச்சம் கூடக்கூடக் குரல் கீச்சிடும். எல்டிஆரைச் சுற்றிக் கறுப்புக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒட்டு. இல்லையென்றால் தெருவிளக்கே அதை ஆட்டிவைக்கும், டார்ச்சுக்கு வேலை இருக்காது.

பயன்படாத உள்ளீடுகள் 3, 5, 9, 11, 13 எல்லாவற்றையும் கிரவுண்டில் சேர்த்துவிடு. அந்தரத்தில் விட்டால் கை பக்கத்தில் வந்தாலே தடுமாறும், பேட்டரியையும் வீணாய்த் தின்னும். வெளியீட்டுப் பின்களை மட்டும் கிரவுண்டில் சேர்க்காதே. 14-க்கும் 7-க்கும் குறுக்கே, ஐசியை ஒட்டி இன்னொரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடு. வாங்கும்போது 74HC14-ஐக் கொடுத்தால் வாங்காதே. பின் வரிசை ஒன்றுதான், ஆனால் அது 6 வோல்ட் வரைதான்; 9 கொடுத்தால் போய்விடும்.

40106 சில மில்லியாம்பியர்தான் தரும், ஸ்பீக்கரை நேராக மாட்டினால் ஈனசுரம்தான் வரும். ஒலியைப் பெருக்கும் எல்எம்386 ஐசியைச் சேர்த்துக்கொள். 40106-இன் 2-ஆம் பின்னிலிருந்து 100 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 கிலோ ஓம். இரண்டும் சேருமிடத்திலிருந்து 386-இன் 3-ஆம் பின்னுக்கு எடு. 386-இல் 2-உம் 4-உம் கிரவுண்டு, 6-க்கு 9 வோல்ட், 5-லிருந்து 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக 8 ஓம் ஸ்பீக்கர், அதன் மறுமுனை கிரவுண்டு. சிக்னலைக் குறைக்காமல் கொடுத்தால் வெறும் இரைச்சல்தான். சதுர 9 வோல்ட் பேட்டரி ஸ்பீக்கர் இழுக்கும்போது தொய்ந்து சுருதியையும் தள்ளாட வைக்கும். ஆறு ஏஏ செல் போடு. பாசிட்டிவ் வயரில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4001 டயோடு ஒன்று, கோடு போட்ட முனை சர்க்யூட் பக்கம். இருட்டில் செல்லைத் தலைகீழாகப் போட்டாலும் ஐசி பிழைக்கும்.

சத்தம் வரவில்லையா? உடனே ஐசியை மாற்றாதே. மல்டிமீட்டரை டிசியில் வைத்து 40106-இன் 2-ஆம் பின்னைத் தொடு. சப்ளையில் பாதியளவு காட்டினால் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கோளாறு 386 பக்கம். பூஜ்யத்திலோ முழு சப்ளையிலோ நின்றால் 1-ஆம் பின்னின் இணைப்புகளைப் பார். சோல்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டுகள் சிலவற்றின் பவர் வரிசை நடுவில் அறுந்திருக்கும், அதையும் சோதித்துவிடு.

ஊர்வலத்துக்குப் பிரெட்போர்டை எடுத்துப் போகாதே. ஐசி செருகும் சாக்கெட்டைப் போர்டில் சோல்டர் செய்து, ஐசியைக் கடைசியில் செருகு. எல்டிஆர் வயர் அறுகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: சோல்டர் முடிந்து இழைகள் தொடங்குகிற விளிம்பு. ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும், ஆட்டத்தில் அங்கேதான் முறியும். போர்டில் ஒரு துளை போட்டு, வயரை அதன் வழியே கீழிருந்து மேலே இழுத்துப் பிறகு சோல்டர் செய். இழுபடுவதைத் துளை தாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று. 2007 ஜனவரி 31 அன்று பாஸ்டன் நகரில் ஒரு கார்ட்டூன் விளம்பரத்துக்காக வைத்திருந்த எல்இடி பலகைகளைக் குண்டு என்று பயந்து சாலைகளையும் பாலங்களையும் மூடினார்கள். அதனால் வயரையும் செல்லையும் தெரியும்படி தொங்கவிடாதே. உள்ளிருப்பது தெரிகிற கண்ணாடி டப்பாவில் வை, மேலே இது என்ன பெட்டி என்று பெரிதாக எழுது, எங்கேயும் விட்டுவிட்டு நகராதே.

செல் மாட்டுவதற்கு முன் போர்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு.

அம்மா