ஒரு ஸ்போக்ஸ் சாவியையும் சேர்த்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையால் கட்டும் சைக்கிள்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். பர்மிங்ஹாம் குழாய், அந்த ஊர்ப் பக்கத்துத் தோல் சீட்டு, இத்தாலியில் விசென்சாவின் கியர், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கடையும் பேரிங் என்று ஊர் ஊராகத் தேடிப் பாகம் சேர்த்துத் தன் கனவு வண்டியைக் கட்டிக்கொண்டவரைப் பற்றி அழகாக எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்திதான் உறுத்தியது. இந்த மாதிரிக் கைவேலைக்கு நம் ஊரில் ஆளும் இல்லை, வசதியும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வசதி குறைவு என்றால் ஒப்புக்கொள்வேன். ஆள் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு அப்படி ஒரு வண்டி அமைய உதவியவர்கள் கோயம்புத்தூரிலேயே, டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே அரசுக்கு ஒரு கோரிக்கையும் உண்டு.

நான் கணபதியில் பம்ப்செட் பட்டறைகளில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவன். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். என் கனவே அந்த உயரத்தால் வந்ததுதான். எங்கள் வீட்டில் இருந்தது அப்பாவின் ஹெர்குலிஸ். அம்பத்தூரில் செய்தது. 28 அங்குலச் சக்கரம், 24 அங்குல பிரேம். குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டப் பழகினேன். கூடப் பழகிய பையன்கள் வளர்ந்து சீட்டுக்கு ஏறிவிட்டார்கள். நானும் ஏறினேன், ஆனால் பெடல் அடிக்குப் போகும்போதெல்லாம் இடுப்பும் கூடவே சரிய வேண்டும். சம்பாதித்து 22 அங்குல பிரேம் வாங்கிய பிறகும் பெரிய மாற்றம் இல்லை. சின்னச் சக்கர வண்டி ஓட்டக் கூடாதா என்பார்கள். ஓட்டிப் பார்த்தேன். நம் ரோட்டுக் குழிகளைப் பெரிய சக்கரம் தாண்டிப் போகிற சுகம் அதில் வராது. பெரிய சக்கரமும் வேண்டும், பிரேம் என் காலுக்குள் அடங்கவும் வேண்டும். கடையில் அப்படி ஒன்று கிடையாது. ஆலைக்கு இரண்டு மூன்று அளவு போதும், எனக்குத் தேவைப்பட்டது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு வண்டி. கையால் கட்டும் சைக்கிளைப் பணக்காரர் விளையாட்டு என்று நினைப்பவர்கள் குட்டை ஆட்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

குழாய்தான் முதல் சிக்கல். பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் 1897-ல் முனைகள் தடித்து நடுவில் மெலிந்த குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1935-ல் அவர்கள் கொண்டுவந்த 531 குழாயைப் பற்றிப் பழைய பந்தயக்காரர்கள் இன்னும் பேசுவார்கள். பளு விழுவது மூட்டில், நெருப்புக் காட்டுவதும் மூட்டில், ஆகவே கனம் அங்கே இருந்தால் போதும். கணக்கு எளிது, செய்வது கடினம். எனக்கு அந்தக் குழாய் கிடைக்கவில்லை. கை கொடுத்தவர்கள் காலேஜ் பையன்கள். இங்கே இன்ஜினீயரிங் மாணவர்கள் பாஹா போட்டிக்கு, அதாவது கரடுமுரடான தடத்தில் ஓடும் பந்தயத்துக்கு, வண்டி கட்டுகிறார்கள். அதன் கூண்டுக்கு 4130 என்ற குரோம் மாலிப்டினம் எஃகுக் குழாய் வாங்குவார்கள். அவர்களுக்கு விற்பவரிடமே சொல்லி வைத்து 1.2 மி.மீ. கனத்தில் வாங்கினேன். முனையும் நடுவும் ஒரே கனம்தான். அதனால் வண்டி கொஞ்சம் எடை கூடியது, போகட்டும்.

மூட்டில் குழாய்களைச் செருகிப் பிடிக்கும் உறைகளான லக்குகளை நானே கடைந்து அரத்தால் ராவினேன். பற்றவைத்தவர் உக்கடத்தில் லாரி ரேடியேட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர். பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெல்டிங் அடிச்சா மெல்லிசுக் குழாய் பொத்துக்குமுங்க. பித்தளை ஓட்டிரலாம்" என்றார். அவர் சொன்னது சரி. எஃகு உருக 1,500 டிகிரி பக்கம் வேண்டும். பித்தளைக்கு 900 போதும். குழாய் உருகாமலேயே பித்தளை மட்டும் இடுக்குக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வெங்காரத்தைக் குழைத்துத் தடவினார். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டினார். வெங்காரம் உருகித் தெளிந்து ஓடத் தொடங்கியதும் கம்பியை ஒரு பக்கம் வைத்தார். லக்கின் மறு ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு எட்டிப் பார்த்தது. உள்ளே முழுக்க ஓடிவிட்டது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வெப்பமானி எதுவும் கிடையாது, இரும்பின் நிறத்தைப் பார்த்தே வேலை. லண்டனில் பிரேம் கட்டுகிறவரும் இதைத்தான் செய்கிறார், அங்கே அதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

பெடல் அச்சு உட்காரும் கூடு என் வேலை. இதில் கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள், டர்னருக்கு மரை என்றால் ஒரு சபலம். ஆங்கிலேயர் முறையில் அந்தக் கூட்டுக்கு 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. இடப்பக்கம் வலமாகத் திருகினால் இறுகும் சாதாரண வலமரை, வலப்பக்கம் மட்டும் இடமாகத் திருகினால் இறுகும் இடமரை. பேரிங்கைத் தாங்கும் கிண்ணங்கள் இந்த மரைகளில்தான் ஏறும். பெடல் முன்னோக்கிச் சுற்றும்போது உள்ளே உருளும் பால்ரஸ்கள் கிண்ணத்தை எதிர்த்திசையில் இம்மி இம்மியாக நகர்த்தப் பார்க்கும். வலமரை போட்டிருந்தால் கிண்ணம் நாளடைவில் கழன்று வரும். இடமரை போட்டால் அதே நகர்வு அதை இறுக்கிவிடும். இத்தாலிக்காரர்கள் இரண்டு பக்கமும் வலமரைதான் போடுவார்கள், அப்புறம் பலம் கொண்ட மட்டும் முறுக்கி வைப்பார்கள். என் ஓட்டு ஆங்கிலேயருக்கு.

சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புகளையும் அலுமினியத் தண்டில் கடைந்தேன். நம் பழைய வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால் விழுகிறது என்பதால் இந்த ஏற்பாடு. அப்பா பின் கேரியரில் நெல் மூட்டை வைத்து வந்ததைப் பார்த்தவனுக்கு இதில் மறுபேச்சு இருக்க முடியாது. பின் ஹப்பில் பக்கத்துக்கு 20 துளை. துளைகளைச் சம இடைவெளியில் போட வேலைப்பொருளைத் திருப்பித் தரும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று வரும். ஆக ஒரு துளைக்கு இரண்டு சுற்று. எதிர்ப்பக்கத் துளைகள் இந்தப் பக்கத்து இரண்டு துளைகளுக்கு நடுவே வர வேண்டும், அதற்கு ஒரு சுற்றுத் தள்ளி ஆரம்பித்தால் சரி. மோட்டார்க் கடைகளில் கிடைக்கும் 6000 நம்பர் பேரிங்கையே உள்ளே போட்டேன்.

இனி, நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமான ஆள். சங்கனூர் ரோட்டுப் பக்கம் ஒரு மர நிழலில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கடை என்பதே ஒரு தகரப் பெட்டி, ஒரு காற்றுப் பம்ப், பஞ்சர் பார்க்கத் தண்ணீர்ச் சட்டி, அவ்வளவுதான். என் ஹப்பைக் கையில் வாங்கி விரலில் சுழற்றிப் பார்த்தவர், "ஏனுங்ண்ணா, இதை எங்கிருந்து தருவிச்சீங்க?" என்றார். நான் செய்தது என்றதும் கூலி பேசாமலே வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். கம்பிகளைக் கோத்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, போர்க்கில் கட்டை விரல் நகத்தை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். ரிம் நகத்தை உரசும் இடம்தான் கோட்டம். அந்த இடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, எதிர்ப்பக்கத்தைக் கால் திருகு தளர்த்துவார். ஏற்ற இறக்கம், இட வலம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். நடுநடுவே கம்பிகளைச் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். இறுக்கம் ஒன்றாக இருந்தால் சத்தமும் ஒன்றாக இருக்கும்.

சக்கரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு கம்பி 80 கிலோ அளவுக்கு இழுபட்டு நின்றால் 40 கம்பியும் சேர்ந்து ரிம்மை உள்ளே இழுப்பது மூன்று டன்னுக்கு மேல். நாம் ஏறி உட்காரும்போது தரைப் பக்கத்துக் கம்பிகளின் இழுவை கொஞ்சம் குறையும், சக்கரம் பாரம் தாங்குவதே அப்படித்தான். ஏற்கெனவே தளர்ந்த கம்பி என்றால் அது முழுசாகத் தொய்ந்து, மறுபடி இழுபட்டு, இப்படியே ஆடி ஆடி ஒரு நாள் கழுத்தில் அறுந்துவிடும். இவர் வேலையை முடிக்கும் முன் குறுக்கே போகும் கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பிடித்து இரண்டு கையாலும் பலமாக அமுக்கினார். ஒவ்வோர் அமுக்கலுக்கும் நறுக் நறுக்கென்று சத்தம். கம்பிகள் உட்கார வேண்டிய இடத்தில் உட்காருகின்றன. பிறகு இன்னொரு தரம் கோட்டம் எடுத்தார். வெளிநாட்டுச் சக்கர மேஸ்திரிகளும் இப்படித்தான் அமுக்கிவிடுவார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "எங்க பெரியப்பா அமுக்குவாருங்க, நானும் அமுக்குறேன்" என்றார்.

சீட்டுக்கு அப்பாவின் பழைய சீட்டின் கம்பிச் சட்டம். மேலே எருமைத் தோல். மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் ஈரத்தில் இளகி, காய்ந்ததும் கொடுத்த வடிவத்தில் நிற்கும், குரோமியத்தில் பதனிட்டது நிற்காது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய தொழில். டவுன்ஹால் பக்கம் செருப்புத் தைக்கும் ஒருவர் மர அச்சில் இழுத்துக் கட்டிக் காயவைத்துக் கொடுத்தார். ரிம், செயின், பிரீவீல், பிரேக் கம்பி எல்லாம் கடையில் வாங்கியவை. செயினைக் கையால் செய்கிற பைத்தியம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பிரீவீல் மட்டும் வழக்கமான 18 பல்லுக்குப் பதில் 20 பல். மிதிக்கும் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் போகிற வண்டி ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும், முட்டி வாழ்த்தும். வண்டியின் எடை பதினான்கு கிலோ. அப்பாவின் வண்டி இருபதுக்கு மேல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து அந்தக் கடைக்காரர் கேட்ட கூலி முந்நூறு ரூபாய். சண்டை போட்டுத்தான் கூடக் கொடுக்க முடிந்தது. அவருடைய மகன் பைக்கில் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, பஞ்சர் ஒட்டி யார் வீட்டு வாடகை கட்ட முடியும்? கோட்டம் எடுக்கக் கேட்டு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். சக்கரம் ஆடினால் வண்டியையே ஓரம் கட்டிவிடுகிறார்கள்.

ஓரம் கட்டிய வண்டிகளில் பாதி, அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சைக்கிள்கள். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் அக்கா மகள் அதில்தான் பள்ளிக்கூடம் போனாள். எங்கள் பக்கத்துப் பள்ளியில் சைக்கிள்கள் பாகம் பாகமாக லாரியில் வந்து இறங்கி மைதானத்திலேயே பூட்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பூட்டுகிறவர்கள் வேகமாகப் பூட்டுகிறார்கள், எண்ணிக்கை அப்படி. எந்தப் புதுச் சக்கரமும் ஓட்டத் தொடங்கிய முதல் மாதத்தில் கம்பி இளகும். இலவச வண்டி, விலை வண்டி என்ற பேதம் இதில் கிடையாது. அந்த நேரத்தில் ஒரு தடவை கோட்டம் எடுத்து இறுக்கிவிட்டால் சக்கரம் வருடக்கணக்கில் உழைக்கும். விட்டுவிட்டால் பிளஸ் டூ பரீட்சை வருவதற்குள் கம்பி அறுந்து வண்டி மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். சைக்கிள் கொடுத்த ஒரு மாதத்தில் அந்தந்த ஊர் சைக்கிள் கடைக்காரர்களைப் பள்ளிக்கு வரவழைத்து, சக்கரத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோட்டம் எடுக்க வையுங்கள். பாதி வேலையைப் பிள்ளைகளே செய்யட்டும். சைக்கிளோடு ஒரு ஸ்போக்ஸ் சாவியையும் கொடுங்கள், அது கம்பிகளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும், உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன இரும்பு, பெரிய செலவில்லை. சீட்டைத் தன் காலுக்கு ஏற்ற உயரத்தில் வைப்பது எப்படி என்றும் அப்போதே சொல்லிக்கொடுத்துவிடலாம். பெடல் கீழே இருக்கும்போது குதிகால் எட்ட வேண்டும், இது தெரியாமல் முட்டியை மடக்கி மடக்கி ஓட்டும் பெண் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். பாடத்திட்டத்தில் இடமில்லை, ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பார்கள். ஆசிரியர்கள் எதுவும் செய்ய வேண்டாம், ஒரு சனிக்கிழமை மைதானத்தைத் திறந்துவிட்டால் போதும்.

கல்வித் துறையிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கோவைப் பக்கம் எந்தத் தலைமையாசிரியராவது சரி என்றால் உங்கள் அலுவலகம் மூலமாகத் தகவல் சொல்லுங்கள். சங்கனூர்க்காரரிடம் பேசிவிட்டேன், அரை நாள் கூலி கொடுத்தால் வருகிறேன் என்கிறார். நான் கூலி இல்லாமல் வருகிறேன். ஸ்டாண்டு கூடத் தேவையில்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைக்க நிழல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.