அரையும் காலும் ஆழாக்கும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் விடைத்தாள் கட்டுதான், வேறொன்றுமில்லை. இங்கே மூன்று நாளாக ஒரே மூடுபனி, பதினொரு மணிக்கும் வகுப்பில் விளக்குப் போட்டுத்தான் கரும்பலகையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. காபிப் பழம் பறிக்கும் நேரம் என்பதால் பிள்ளைகள் வருகையும் முன்னே பின்னேதான்.

பாப்பா பின்னக் கணக்கு என்றாலே அழுகிறாள், ஆறாம் வகுப்பிலேயே இப்படி என்றால் மேலே என்ன செய்வாளோ என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது, ஏனென்றால் போன மாதம் என் வகுப்பில் இதே பின்னத்தில் ஒன்று நடந்தது.

அரையையும் காலையும் கூட்டச் சொன்னேன். ஒரு பெண் 2/6 என்று எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள், நாம் ஆயிரம் முறை பார்த்த தப்பு. சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போயிருப்பேன், அன்றைக்கு என்னவோ, "எப்படிம்மா வந்தது?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னாள்: "சார், நேத்து கபடியில ரெண்டு ஆட்டம் ஆடி ஒண்ணு ஜெயிச்சோம். இன்னைக்கு நாலு ஆடி ஒண்ணு ஜெயிச்சோம். மொத்தம் ஆறுல ரெண்டு, சரிதானே?"

சரிதானே! கபடிக்கு அது முழுக்க முழுக்கச் சரியான விடை. அவள் கேட்டுக்கொண்ட கேள்விதான் வேறு. அவளுடைய இரண்டு ஆட்டமும் நாலு ஆட்டமும் தனித்தனி முழுசு, நான் கேட்ட அரையும் காலும் ஒரே முழுசிலிருந்து எடுத்தவை. இந்த வித்தியாசத்தை நான் ஒரு நாளும் வகுப்பில் வாய்விட்டுச் சொன்னதில்லை. பகுதியைச் சமமாக்கு, மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) எடு, தொகுதியைக் கூட்டு என்று வழியை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். நமக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், தப்பினால் ஸ்கேலால் முட்டியில் ஒன்று விழும், ஞாபகம் இருக்கிறதா? பயத்தில் வழி மனப்பாடம் ஆனது, ஏன் என்று கேட்கும் பழக்கம் போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் வீட்டிலிருந்து அரிசி அளக்கிற பழைய படி, உழக்கு, ஆழாக்கு மூன்றையும் ஒரு பை அரிசியும் எடுத்துக்கொண்டு போனேன். நாலு உழக்கு ஒரு படி, எட்டு ஆழாக்கு ஒரு படி. முதலில் அந்தப் பெண்ணையே கூப்பிட்டு அரைப்படி போடச் சொன்னேன், அதன் மேல் கால்படி. பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன், 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு, அரைப்படியில் இன்னும் கொஞ்சம் போட்ட பிறகு அது அரைப்படியைவிடக் குறையுமா? படிக்குள்ளே எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "முக்கால் சார்" என்றாள்.

அப்புறம் ஒரு உழக்கும் ஒரு ஆழாக்கும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து உழக்கில் இருந்ததை ஆழாக்கால் அளந்து இரண்டு என்றான், மீதி ஒன்றோடு சேர்த்து மூன்று ஆழாக்கு, அதாவது 3/8. மீ.சி.ம என்பது இதுதான் நண்பா, இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கிற ஒரு பொது அளவைத் தேடுவது! "எங்க ஆயா இதைக் காலே அரைக்கால்னு சொல்லும்" என்றான் இன்னொருவன். அரைக்கால் என்ற சொல்லிலேயே பாதியின் கணக்கு இருக்கிறது, காலில் அரை, எட்டில் ஒன்று. ஆயாக்களுக்குத் தெரிந்ததை நாம் புத்தகத்தில் புதிதாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றில் ஒன்று வந்தால் ஆழாக்கு உதவாது. அதற்குக் கடிகாரம் வைத்துக்கொண்டேன். அரை மணியும் மூன்றில் ஒரு மணியும், 30 நிமிடமும் 20 நிமிடமும், 50 நிமிடம், அறுபதில் ஐம்பது என்றால் 5/6. உடனே பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதல்லவா, ஐந்தாவது வளைவு வந்தால் கால்வாசி தூரம் ஏறியாயிற்று என்று உதாரணம் சொன்னேன். தினமும் பஸ்ஸில் வருகிற ஒருத்தி மறுத்துவிட்டாள். "இல்ல சார், சில வளைவு கிட்டகிட்ட இருக்கு, சிலது தூரமா இருக்கு, எப்படிக் கால்வாசி ஆகும்?" பங்குகள் சமமாக இருந்தால்தான் பின்னம் என்பதை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் சொன்னதையே பலகையில் எழுதிப் போட்டேன்.

அதனால் பாப்பாவைத் திட்டாதே, ட்யூஷனிலும் இப்போதைக்குச் சேர்க்காதே. அவள் தப்பாகப் போட்ட கணக்கு நாலைந்தை அழிக்காமல் எடுத்து வை, எப்படிப் போட்டாள் என்று அவள் வாயாலேயே நான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு இறங்குகிறேன். வீட்டில் பழைய ஆழாக்கு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேள், இல்லையென்றால் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பாத்திரக் கடையில் பார்த்து வாங்கி வை. மிளகு கொஞ்சம் கொண்டு வருகிறேன், அம்மாவின் இருமலுக்கு ஆகும்.

அன்புடன்,
உன் ஏற்காட்டு நண்பன்