காலணாப் பாட்டுப் புத்தகத்துக்கும் ஓர் அலமாரி வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விக்டோரியா ராணி காலத்து மதராஸ் நாடகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பெல்லாரி சரச வினோதினி சபையாரின் நாடகத்தைப் பார்த்த பிறகுதான் பம்மல் சம்பந்த முதலியாருக்கு நாடக ஆசையே பிறந்தது, பதினெட்டு வயதில் நண்பர்களோடு சேர்ந்து 1891 ஜூலையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார், 1893-ல் ‘புஷ்பவல்லி’ மேடையேறியது என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் அழகாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கட்டுரை முழுக்க மேடையிலேயே நின்றுவிட்டது. அந்த நாடகங்கள் நடந்த விக்டோரியா பப்ளிக் ஹாலை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்திருந்தால் கடைத்தெரு வந்திருக்கும். அதை விட்டுவிட்டாரே என்று மனசு ஆறவில்லை.

பார்க் டவுன் பக்கம் சாயங்காலத்தில் கூடிய குஜிலிக் கடைத்தெருவைத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்து நாடகம் சாதாரண ஜனங்களின் வீட்டுக்குள் போனது அந்த வழியாகத்தான். மட்டமான காகிதத்தில் எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் அச்சடித்துக் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களுக்குக் ‘குஜிலிப் புத்தகம்’ என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, அதில் அறுபத்து நான்கு காலணா. விற்கிறவரே முச்சந்தியில் நின்று ராகம் போட்டுப் பாடுவார், கூட்டம் சேரும், அப்புறம் புத்தகம் விற்கும். நாடகப் பாட்டு மட்டுமா? கொலை, வெள்ளம், தீ விபத்து, புதிதாக வந்த ரயில் என்று ஊரில் எது நடந்தாலும் அதன்மேல் ஒரு சிந்து, ஒரு கும்மி வந்துவிடும்.

எங்கள் கொள்ளுப்பாட்டியின் தகரப்பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. நூலால் தைத்தது. அட்டையும் முதல் தாளும் போய்விட்டதால் ஆண்டும் தெரியாது, அச்சுக்கூடத்தின் பெயரும் தெரியாது. அரிச்சந்திரன் நாடகப் பாட்டுகள். சந்திரமதியை விலை கூறி விற்கும் கட்டத்தில், ஓரமாகப் பென்சிலால் யாரோ கணக்கு எழுதியிருக்கிறார்கள்: பால், மண்ணெண்ணெய், பூ, வெற்றிலைபாக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அணா, பை என்று அந்தக் காலத்துக் காசுக் கணக்கு. கடைசியில் கூட்டல் தப்பாகி அடித்துத் திருத்தியிருக்கிறது. தாளில் மஞ்சள் பட்ட விரல் தடம் ஒன்று இன்னும் இருக்கிறது. அடுப்படியில் வைத்துப் படித்த புத்தகம் ஐயா அது. அன்றைக்கு ஒரு வீட்டில் நாடகம் எப்படிப் புழங்கியது என்பதை அந்த ஒரு தாள் எனக்குச் சொல்லிவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு ஒரு நூலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். மேசையில் இருந்தவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அட்டை இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, இதற்கு எப்படிம்மா நம்பர் போடுவது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருடைய பதிவேட்டில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

மவுண்ட் ரோடு கடைகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, 1849-ல் வந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை, 1895-ல் ஸ்பென்சர் கட்டிய பெரிய கட்டடம், எல்லாவற்றுக்கும் போட்டோ இருக்கிறது. துரைமார் வாங்கியது என்ன என்று நமக்குத் தெரிகிறது. காலணாக் கடைக்குக் கட்டடமும் கிடையாது, போட்டோவும் கிடையாது.

சொல்லப்போனால், அந்தக் காலத்து நாடகமே கடைத்தெருவைத் தனக்குள் கொண்டுவந்திருக்கிறது. சைதாப்பேட்டை காசி விசுவநாத முதலியார் எழுதிய ‘டம்பாச்சாரி விலாசம்’ ராஜா ராணிக் கதை இல்லை. மதராஸ் பட்டணத்துப் பணக்காரப் பிள்ளை ஒருவன் தாசி வீட்டில் சொத்தையெல்லாம் தொலைக்கிற கதை. இன்றைக்கும் பகட்டாகச் செலவு செய்கிறவனை “பெரிய டம்பாச்சாரி” என்கிறோமே, அதில் அந்த நாடகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கட்டுரையில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

கேளிக்கையும் வியாபாரமும் ஒரே இடத்தில் நடந்த பீப்பிள்ஸ் பார்க் கண்காட்சியையும் சேர்த்திருக்கலாம். 1886 டிசம்பர் 31-ல் அங்கே பிடித்த தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தப் பக்கத்திலேயே 1900-ல் திறந்த மூர் மார்க்கெட்டும் 1985-ல் எரிந்தது. கல்லூரியில் படித்தபோது அந்த மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் நாடக நோட்டீஸ்களைச் சணல் கயிற்றால் கட்டி மூலையில் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பஸ் காசு குறையுமே என்று வாங்காமல் வந்தேன். இன்று வரை அது உறுத்துகிறது.

இந்தப் புத்தகங்களைத் தேடிப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. 1867-ஆம் வருஷத்து 25-ஆவது சட்டப்படி அச்சான புத்தகங்களையெல்லாம் அன்று அரசிடம் பதிய வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த பட்டியலில் புத்தகத்தின் பெயர், பக்கம், விலை, எத்தனை பிரதி என்பது வரை போட்டார்கள். சில பிரதிகள் லண்டனுக்குப் போய் அங்கே பத்திரமாக இருக்கின்றன. நம் ஊரிலும் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாக நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று சேர்த்து வைத்தார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர் அவர். கடைத்தெரு மனிதருக்குத்தான் கடைத்தெருக் காகிதத்தின் அருமை தெரிந்திருக்கிறது. அவர் பெயரில் தரமணியில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தில் அவை இன்று கிடைக்கின்றன. ஒவ்வொரு மாவட்ட நூலகமும் இப்படி ஓர் அலமாரியாவது ஒதுக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் முதல் பாட்டின் முதல் வரியை வைத்துப் பதியலாமே.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் பெட்டியையும் பரணையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி வாசகர்களைக் கேளுங்கள். நாடக நோட்டீஸ், டிக்கெட், கடை ரசீது, பாட்டுப் புத்தகம் எது கிடைத்தாலும் படம் எடுத்து அனுப்பட்டும், மாதம் ஒன்றாகப் பக்கத்தில் போடுங்கள். முதலாவதாக என் அரிச்சந்திரனை நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். அட்டையோடு வேறு பிரதி யாரிடமாவது இருந்தால் ஆண்டும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.