பழைய ஜென்னுக்குப் புது ஷாக்: நண்பனுக்கு ஒரு கடிதம்

வாணியம்பாடி
ஞாயிறு இரவு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாட்கள் ஆகிவிட்டன. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் நிறைந்துபோயிற்று. எண்பத்திரண்டு வயதில் அவர்கள் மறுபடியும் ஊசியில் நூல் கோக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். நான் ஓய்வு பெற்று நான்காவது ஆண்டு நடக்கிறது. காலையில் மணியடிக்காத நாட்களுக்கு இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

கடிதத்தின் ஓரத்தில் நீ கிறுக்கியிருந்த இரண்டு வரிகளுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் மாருதி 800 பள்ளத்தில் இறங்கினால் தொட்டில் போல ஆடுகிறது, விற்றுவிடலாம் என்று மகன் சொல்கிறான் என்றாயே, அவசரப்பட்டு விற்றுவிடாதே. இதே நோய் என் மாருதி ஜென் காருக்கும் வந்தது. இரண்டு மாதம் அலைந்து, துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள் நான்கையும் மாற்றி, போன வாரம்தான் குணப்படுத்தினேன். அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டது உனக்குப் பயன்பட்டால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

1999இல் அந்த வண்டியை எடுத்தபோது நீதான் கூட வந்தாய். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவன் நீ. இன்றைக்கு அதன் மீட்டர் 1,12,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பதினைந்து ஆண்டு முடிந்த பிறகு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். இன்ஜினில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆவணி மாதம் ஏலகிரிக்குப் போனோம். அந்தப் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள், நினைவிருக்கிறதா? பேத்தி ஒவ்வொரு பலகையையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். பாரி வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்புறம் ஒரு கணம் தனியாக நழுவுவதுபோல வெளியே சாய்ந்து, பிறகு மெல்லத் திரும்பி வந்தது. படித்துக்கொண்டிருந்த குழந்தை வாந்தி எடுத்துவிட்டாள். மனைவிக்கு இடுப்பு வலி ஏற்கெனவே உண்டு. மேலே போய்ச் சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை மறைக்காமல் சொல்கிறேன், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இப்படி ஒரு வண்டியை ஓட்டியிருக்கக் கூடாது.

கீழே வந்ததும் நியூ டவுன் பக்கம் இருக்கும் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வண்டியைத் தூக்கக்கூட இல்லை. பானெட்டின் ஒரு மூலையை உடம்பின் பாரத்தால் அழுத்திக் கையை எடுத்தார். நல்ல ஷாக் அப்சார்பர் என்றால் வண்டி ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். என்னுடையது மூன்று முறை ஆடிவிட்டு நின்றது. பிறகு என் உள்ளங்கையைப் பிடித்து முன் டயரின் மேல் வைத்து, சுற்றுவாக்கில் தடவச் சொன்னார். ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பு. எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப்பல் போல ஒவ்வொரு கட்டையும் விரலில் இடறியது. சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்காமல் குதித்துக் குதித்து ஓடியதற்கு அதுதான் அடையாளம். கடைசியாக டார்ச் அடித்து உள்ளே காட்டினார். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து, அதில் புழுதி ஒட்டிச் சேறாகியிருந்தது. லேசான ஈரக்கசிவு என்றால் விட்டுவிடலாமாம். வழிந்தோடினால் மாற்றியே ஆக வேண்டும்.

முப்பது வருடம் கரும்பலகையில் தடையுறு அலைவுக்கு, அதாவது மெல்ல மெல்ல அடங்கும் ஆட்டத்துக்கு, வளைகோடு வரைந்தவன் நான். ஸ்பிரிங் எடையைச் சுமக்கிறது, அதன் துள்ளலை அடக்குவது ஷாக். உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளைகளின் வழியே பிதுக்கித் தள்ளுகிறது. துள்ளலின் ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. மோசமான சாலையில் நெடுந்தூரம் போய் இறங்கித் தொட்டுப் பார்த்தால் ஷாக் சூடாக இருக்கும். பிள்ளைகளுக்கு இதைத் தொட்டுப் பார்க்க வைத்துப் பாடம் நடத்தாமல் போனேனே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

சரி, மாற்றலாம் என்றால் பொருள் கிடைக்க வேண்டுமே. ஜென் உற்பத்தி 2006இலேயே நின்றுவிட்டது. சர்வீஸ் நிலையம் ஒன்றில் கேட்டதற்கு, கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு "இனி வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறொரு ஊரில் ஒரு கடைக்காரர் "ஜென்தானே, இருக்கிறது" என்று சொல்லி இரண்டு பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார். பணம் கொடுத்து வாங்கி வந்து பழையதோடு சேர்த்துத் தரையில் படுக்க வைத்துப் பார்த்தால் நீளத்திலேயே வித்தியாசம். ஸ்பிரிங் உட்காரும் தட்டும் ஒரே மட்டத்தில் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், அது ஜென் எஸ்டிலோவுக்கு உரியது. 2006 கடைசியில் அந்தப் பெயரில் வந்த வண்டிக்கும் நம் ஜென்னுக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. அடித்தளமே வேறு.

பெயர் செய்யும் குழப்பம் அதோடு நிற்கவில்லை. நம் ஜென்னை இங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தபோது சுஸுகி ஆல்டோ என்ற பெயரில் விற்றார்கள். ஆகவே வெளிநாட்டுப் பட்டியல்களில் 1994 முதல் 2002 வரையிலான ஆல்டோ என்று போட்டிருந்தால் அது நம் ஜென். ஆனால் இந்தியாவில் 2000இல் வந்த ஆல்டோ முற்றிலும் வேறு வண்டி. ஒரே பெயரில் இரண்டு வண்டிகள், ஒரே வண்டிக்கு இரண்டு பெயர்கள்! கடையில் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்பவன் ஏமாறாமல் திரும்பினால் அது அவன் அதிர்ஷ்டம்.

அதனால் எண்ணைப் பிடித்துக்கொள். மாருதி பாகங்களின் எண்ணில் முதல் ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். முன்பக்க ஷாக் என்றால் வலதுக்கு 41601, இடதுக்கு 41602. அதற்குப் பின்னால் வருவது எந்த மாடல் என்பதைக் குறிக்கும். பழைய எண் நின்றுபோய் அதற்கு மாற்றாகப் புது எண் வந்திருப்பதும் உண்டு. அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வலதும் இடதும் வேறு என்பதை மறந்துவிடாதே. முன்பக்கத்தில் பிரேக் குழாயைப் பிடிக்கும் கொக்கி ஒவ்வொன்றிலும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்.

எங்கள் மெக்கானிக் நல்லவர். ஆனாலும் இந்த இடத்தில் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு வந்தது. "ஆல்டோவுடையதைப் போட்டுவிடலாம் சார், உட்கார்ந்துவிடும்" என்றார். இங்கே எல்லோரும் சொல்லும் சொல் அதுதான், உட்கார்ந்துவிடும். போல்ட் ஓட்டையில் போல்ட் நுழைந்துவிட்டால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் ஷாக் வேலை செய்வது போல்ட் ஓட்டையிலா? முழுக்க நீட்டிய நீளம், முழுக்க அமுங்கிய நீளம் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். அமுங்கிய நீளம் கூடுதலாக இருந்தால் பள்ளத்தில் விழும்போது, ரப்பர் தாங்குவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் இரும்போடு இரும்பாக முட்டிக்கொள்ளும். நீட்டிய நீளம் குறைவாக இருந்தால் சக்கரம் தொங்கும்போதெல்லாம் முழுப் பாரமும் ஷாக்கின் பிஸ்டன் கம்பியின் நுனியில் வந்து இழுக்கும். இவை இரண்டும் சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வால்வு வேறொரு வண்டியின் எடைக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் கணக்குப் பார்த்துச் செய்ததாக இருக்கும். கனமான வண்டியுடையதை நம் வண்டியில் போட்டால் கல்லின் மேல் உட்கார்ந்து போவதுபோல் இருக்கும், சக்கரமும் துள்ளும். இலகுவான வண்டியுடையதைப் போட்டால் ஆறு மாதத்தில் பழைய ஆட்டம் திரும்பிவிடும். மலைப்பாதையில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டும் வண்டியில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

பழைய நான்கில் ஒவ்வொன்றின் நீளம், கம்பியின் பருமன், கீழ்க்கண்ணின் (அடிமுனை வளையத்தின்) விட்டம், போல்ட் ஓட்டைகளின் இடைவெளி எல்லாவற்றையும் வெர்னியர் (நுண் அளவுகோல்) வைத்து அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்து வெர்னியரைக் கடைசியாகத் தொட்டது எப்போது என்று நினைவில்லை. ஆனால் கை மறக்கவில்லை. அந்தத் தாளோடு விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன்.

சென்ட்ரலில் இறங்கி நேரே ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. நாம் படித்த காலத்தில் அந்தப் பக்கம் சினிமாவுக்குப் போயிருக்கிறோம், உதிரிபாகக் கடைகளை அன்றைக்கு ஏறிட்டும் பார்த்ததில்லை. ஏழு கடை ஏறி இறங்கினேன். ஏழாவது கடையில் என் வயதுள்ள ஒரு பெரியவர் இருந்தார். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "யார் அளந்தது?" என்று கேட்டார். நான் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் பலகை ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து கேப்ரியல் கம்பெனிப் பெட்டிகள் இரண்டு ஜோடியை இறக்கினார். பெட்டி வெளுத்திருந்தது, உள்ளே இருந்த பொருள் பளபளவென்று இருந்தது. எண், மாடல், தயாரித்த மாதம் எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், என் அளவுகளோடு ஒப்பிட்டேன். மி.மீ. பிசகவில்லை. நான்குக்கும் சேர்த்து 7,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. புதுப்பேட்டையில் பழையது இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவர் வழியில் சொன்னார். கதவு, விளக்கு, கண்ணாடி என்றால் நானே அங்கே போயிருப்பேன். தேய்வதே வேலையாக உள்ள ஒரு பொருளைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். ஷாக்கை மட்டும் மாற்றிவிட்டு அதன் மேல் இருக்கும் மவுண்ட் (தாங்கி), பம்ப் ஸ்டாப் (முட்டாமல் தாங்கும் ரப்பர்), தூசு மறைப்பு இவற்றைப் பழையதாகவே விட்டால் புதுச் சட்டைக்குள் அழுக்கு பனியன் போட்டதுபோல் ஆகும் என்றார். அவற்றையும் வாங்கிக்கொண்டு மாலை அதே ரயிலில் திரும்பினேன். மடியில் பெட்டிகளோடு வந்த என்னைப் பக்கத்து இருக்கைக்காரர் ஊர் வரும்வரை விசாரித்துக்கொண்டே வந்தார்.

வேலை நடந்த அன்று நான் பட்டறையிலேயே இருந்தேன். மெக்கானிக் புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுக்க அழுத்தி இழுத்தார். படுத்துக் கிடந்ததில் எண்ணெயில் கலந்த காற்று வெளியேறுவதற்காம். என்னையும் அழுத்தச் சொன்னார். பழையது சைக்கிள் பம்பு போலச் சட்டென்று இறங்கி அங்கேயே கிடந்தது. புதியது இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அசைந்தது, தேனுக்குள் கரண்டியை விடுவதுபோல மெதுவாக, ஒரே சீராக. கரும்பலகையில் நான் வரைந்த வளைகோட்டைக் கையால் பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட இருந்த பையன் மேல் நட்டை முடுக்கும்போது கம்பி சுழல்கிறது என்று குறட்டால் அதைப் பிடிக்கப் போனான். மெக்கானிக் பாய்ந்து கையைத் தட்டிவிட்டார். அந்தப் பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கம்பி மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் அது எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் வளையத்தை அறுக்கும். மூன்று மாதத்தில் எண்ணெய் வழியத் தொடங்கும். பின்பக்கக் கீழ் போல்ட்டையும், வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்காமல், சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் முறுக்கினார். இல்லாவிட்டால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கேறியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். ஆல்டோ விஷயத்தில் அவரோடு வாதாடினேனே தவிர, இந்தக் கைத்திறனுக்கு முன்னால் நான் மாணவன்தான். முன்பக்க ஸ்பிரிங்கைக் கருவி போட்டு இறுக்காமல் மேல் நட்டைக் கழற்றக் கூடாது, அது ஆளையே கொன்றுவிடும். ஆகவே நீயோ உன் மகனோ வீட்டில் வைத்துக் கழற்றிப் பார்க்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு.

மறுநாள் சக்கர அலைன்மென்ட் பார்த்துவிட்டு மூன்று பேரும் மறுபடி ஏலகிரி ஏறினோம். பாரி வளைவில் வண்டி சாய்ந்தது, உடனே நிமிர்ந்தது, அவ்வளவுதான். பேத்தி பதினான்கு பலகைகளையும் படித்து முடித்தாள். மனைவி மேலே இறங்கியதும் நிமிர்ந்து நின்று, "இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை" என்றாள். டயரில் விழுந்த ரம்பப்பல் மட்டும் போகவில்லை, அதன் இரைச்சல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. முன் டயர் இரண்டையும் தை மாதம் மாற்ற வேண்டும்.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். 800 உனக்குச் சாதகமான வண்டி. 1983இல் தொடங்கி 2014 வரை செய்தார்கள், அதனால் ஜென்னைவிட எளிதாகவே பொருள் கிடைக்கும். ஆனால் இத்தனை ஆண்டுகளில் இடையிடையே மாற்றங்கள் வந்திருக்கின்றன. ஆகவே பதிவுப் புத்தகத்தைப் பார்த்து, தயாரித்த மாதமும் ஆண்டும் என்னவென்று எழுது. ஷாக்கின் உடம்பில் எண்ணோ எழுத்தோ பொறித்திருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் படம் எடுத்து அனுப்பு. முன் இரண்டு, பின் இரண்டு என்று ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முதலில் நாளைக் காலையிலேயே பானெட்டின் மூலையை அழுத்திப் பார், எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணு. நான் அடுத்த மாதம் பேத்தியின் காது குத்துக்குத் துணி எடுக்கச் சென்னை போவேன். உன் எண் அதற்குள் வந்துவிட்டால் அந்தப் பெரியவரிடமே கேட்டு வாங்கிவிடுகிறேன். கோவில்பட்டிக்குப் பார்சல் போட்டுவிடலாம், அல்லது காது குத்துக்கு நீ வரும்போது கையோடு எடுத்துப் போகலாம். வருவாய் அல்லவா?

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அறைத்தோழன்

பி.கு.: அளந்து குறித்த தாளின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். எண்கள் உனக்கு வேண்டாம், எதை எதை அளக்க வேண்டும் என்பதற்காக மட்டும். வெர்னியர் இல்லையென்றால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் கேள், நிச்சயம் ஒன்று சும்மா கிடக்கும்.